வென்ற சங்கமும் தோற்ற சாசனமும்

மலையமானின் இளஞ்சிறார்களை யானைக் காலிலிட்டுக் கொல்லத் துணிந்தான் சோழன் கிள்ளிவளவன். அவன்முன் சென்று நின்ற கோவூர் கிழார், அவர்கள் எத்தகைய வள்ளன்மைக் குடியிற் பிறந்தோர் என்பதை எடுத்துரைத்தார். கொல்லவந்த களிற்றைக் கண்டு அழுகையை மறந்து நிற்கும் அவர்தம் பேதைமையையும் சுட்டிக்காட்டினார். சிறுவர் உயிர் பிழைத்தனர். அரசு என்பது ஒரே மனிதனாய் இருந்த காலத்தில் ஒரு புலவரின் சொல் அரசாணையைத் திருப்பிவிட முடிந்தது.

அரசு ஒரு மன்றமாக மாறிய பின்னர் இவ்வழி எளிதாக இல்லை. அறுநூறு பேருக்கு மேற்பட்டோர் அமர்ந்திருக்கும் அவையில் யார்முன் சென்று நிற்பது? யாருடைய நெஞ்சைத் தொடுவது? இவ்வினாக்களுக்கு விடை தேடிய முயற்சியில் பிறந்தவையே 'அழுத்தக் குழுக்கள்' என்று அரசியல் நூலார் இன்று குறிப்பிடும் அமைப்புகள். ஆட்சியில் அமர வேண்டும் என்பது அவற்றின் நோக்கமன்று. ஆட்சியில் அமர்ந்திருப்போரைத் தாம் விரும்பும் ஒன்றைச் செய்யவைப்பதே நோக்கம். அவற்றுள் சில வெல்கின்றன; பல தோற்கின்றன. கோரிக்கையின் நியாயம் மட்டும் வெற்றியைத் தந்துவிடுவதில்லை என்பதற்கும், திரண்ட மக்களின் தொகை மட்டும் அதனைத் தந்துவிடுவதில்லை என்பதற்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து தெளிந்த சான்றொன்றை வைத்துச் சென்றிருக்கிறது. ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், ஒரே நாடாளுமன்றத்தை நோக்கி இரண்டு இயக்கங்கள் எழுந்தன. ஒன்று எட்டாண்டுகளில் வென்றது. மற்றொன்று பத்தாண்டுகளில் வீழ்ந்தது.

பசியும் பாராளுமன்றமும்

நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் தானிய விலை உயர்ந்து நின்றது; நிலவுடைமையாளர் பெரும் பயன் பெற்றனர். போர் முடிந்ததும் வெளிநாட்டுத் தானியம் வந்து விலை சரியுமே என்ற அச்சம் அவர்களைப் பற்றியது. நாடாளுமன்றம் அவர்கள் கையில் இருந்தது. 1815ஆம் ஆண்டு நிறைவேறிய தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமையின் விலை குவார்ட்டர் ஒன்றுக்கு 80 ஷில்லிங்கை எட்டும் வரை வெளிநாட்டுக் கோதுமை விற்பனைக்கு வரலாகாது என்று விதித்தது. சட்டம் விவாதிக்கப்பட்ட நாட்களில் இலண்டன் வீதிகளில் கலகம் மூண்டது. படைவீரர் காவல் நிற்க, உள்ளே மசோதா நிறைவேறிற்று. 1828இல் விலைக்கேற்ப ஏறி இறங்கும் சுங்கவரி முறை வந்தது. எனினும் சட்டத்தின் உயிர்நிலை மாறவில்லை. உழைப்பாளியின் ரொட்டி, நிலக்கிழாரின் குத்தகைக்காக விலை கூடியே நின்றது.

1832இல் நாடாளுமன்றச் சீர்திருத்தம் வந்தது. அதற்காகக் கிளர்ந்தெழுந்தோரில் தொழிலாளர் பெருந்தொகையினர். ஆனால் வாக்குரிமை கிடைத்ததோ நடுத்தர வகுப்பினருக்கு. சீர்திருத்தத்துக்குப் பின்னரும் இங்கிலாந்தில் வயது வந்த ஆடவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே வாக்கு இருந்தது. அடுத்து 1834இல் வந்த புதிய ஏழையர் சட்டம், உதவி நாடி வரும் வறியவரைக் குடும்பத்தினின்று பிரித்துப் பணிமனைகளில் அடைத்தது. ஏமாற்றமும் பசியும் ஒன்றுசேர்ந்த இந்த நிலத்திலிருந்தே இரண்டு இயக்கங்களும் முளைத்தன.

சாசனத்தின் ஆறு விரல்கள்

இலண்டன் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த தச்சுத் தொழிலாளர் வில்லியம் லோவட், சீர்திருத்த நோன்பில் பழுத்த பிரான்சிஸ் பிளேஸின் துணையுடன் உருவாக்கிய 'மக்கள் சாசனம்' 1838 மே மாதம் வெளிவந்தது. வயது வந்த ஆடவர் அனைவருக்கும் வாக்கு, மறைவான வாக்கெடுப்பு, உறுப்பினராவதற்குச் சொத்துத் தகுதி ஒழிப்பு, உறுப்பினருக்கு ஊதியம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல் என்பன அதன் ஆறு கோரிக்கைகள். மகளிர் அதில் இடம்பெறவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் அக்காலத்துக்கு அது எரிமலைக் குழம்பு போன்ற ஏடு.

லீட்ஸ் நகரிலிருந்து 1837 முதல் வெளிவந்த 'நார்தர்ன் ஸ்டார்' என்னும் கிழமை இதழ் இயக்கத்தின் குரலாயிற்று. அதனை நடத்திய பெர்கஸ் ஓகானர் அயர்லாந்தில் பிறந்தவர், இடிமுழக்கப் பேச்சாளர். எழுதப் படிக்க அறியாதோர் நடுவே ஒருவர் படிக்கப் பலர் கேட்ட அவ்விதழில் கவிதைக்கெனத் தனிப் பத்தி இருந்தது. நெசவாளரும் செருப்புத் தைப்போரும் எழுதிய பாடல்கள் அதில் இடம்பெற்றன. அவற்றை ஊர்வலங்களில் மக்கள் பாடினர். கவிதையை இவ்வளவு அருகில் வைத்துக்கொண்ட அரசியல் இயக்கங்கள் வரலாற்றில் சிலவே.

1839இல் 12,80,000 கையொப்பங்களுடன் முதல் விண்ணப்பம் காமன்ஸ் சபைக்குச் சென்றது. அதனை ஆராய்வதற்குக்கூட அவை இசையவில்லை. எதிர்த்து 235 வாக்குகள், ஆதரித்து 46. அவ்வாண்டு நவம்பரில் வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரில் சுரங்கத் தொழிலாளர் எழுச்சி படைவீரரின் துப்பாக்கிகளால் ஒடுக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைமை தாங்கிய ஜான் பிராஸ்ட்டுக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது.

1842இல் இரண்டாவது விண்ணப்பம். இம்முறை 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள். நாட்டின் வாக்காளர் தொகையைவிட அது எவ்வளவோ மிகுதி. தாள் சுருள் வாயிலில் நுழையாமையால் அதனைப் பிரித்துத்தான் அவைக்குள் எடுத்துச் சென்றனர். அன்று எதிர்த்துப் பேசியவருள் ஒருவர் தமிழர் நன்கறிந்த மெக்காலே. 1835இல் இந்தியக் கல்வியின் போக்கை மாற்றிய அறிக்கையை எழுதியவர் அவரே. சொத்துரிமையின்றி நாகரிகம் இல்லை. சொத்தில்லாதோர் கையில் வாக்கைக் கொடுத்தால் சொத்துரிமை நில்லாது. ஆதலால் அனைவர்க்கும் வாக்கு என்பது நாகரிகத்தோடு பொருந்தாது என்பது அவர் வாதத்தின் சாரம். 287க்கு 49 என்ற கணக்கில் அவ்விண்ணப்பமும் வீழ்ந்தது.

ஒரே கோரிக்கையின் சங்கம்

சாசனம் வெளிவந்த அதே 1838இல் மான்செஸ்டர் நகர வணிகர் சிலர் கூடித் தானியச் சட்டத்துக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினர். மறு ஆண்டு அது நாடு தழுவிய 'தானியச் சட்ட எதிர்ப்புச் சங்க'மாக வளர்ந்தது. அச்சுத் துணி வணிகர் ரிச்சர்டு காப்டன், ராச்டேல் ஊர் நூற்பாலை உரிமையாளர் ஜான் பிரைட், அமைப்புப் பணியில் வல்லவரான ஜார்ஜ் வில்சன் ஆகியோர் அதன் தூண்கள். காப்டன் தருக்கத்தால் வெல்வார். பிரைட் உணர்ச்சியால் உருக்குவார்.

இச்சங்கம் தொடக்கத்திலேயே வெற்றிநடை போட்டது என்று எண்ணுவது தவறு. 1839இல் அதன் சான்றுகளைக் கேட்கவே காமன்ஸ் சபை மறுத்துவிட்டது. ஊர்ப்புறங்களுக்குச் சென்ற அதன் சொற்பொழிவாளர்கள் விரட்டப்பட்டனர். நகரக் கூட்டங்களையோ சாசன இயக்கத்தார் புகுந்து கலைத்தனர். ரொட்டி விலை குறைந்தால் ஆலை முதலாளிகள் கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்பது அவர்களுடைய ஐயம். அது காரணமற்ற ஐயமும் அன்று.

மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் 1819இல் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது, பலர் மாண்டனர். அதே திடலில், காப்டனுக்குரிய நிலத்தில், 1840இல் சங்கம் தன் முதல் மண்டபத்தை மரத்தால் எழுப்பியது. வாக்குக் கேட்டோர் குருதி சிந்திய இடத்தில் ரொட்டி கேட்போரின் மேடை அமைந்தது. இவ்விரு கோரிக்கைகளுக்கும் இடையிலிருந்த உறவையும் பிணக்கையும் ஒருங்கே காட்டும் இடம் அது.

தோல்விகளிலிருந்து சங்கம் மூன்று பாடங்களைக் கற்றது. முதலாவது, மக்களைத் திரட்டுவதோடு நில்லாமல் வாக்காளரைத் திரட்ட வேண்டும் என்பது. ஒவ்வொரு தொகுதியிலும் வாக்காளர் பட்டியலைச் சங்கத்தின் ஆட்கள் வரி வரியாக ஆராய்ந்தனர். தம்மவர் பெயரைச் சேர்த்தனர். எதிரணியினரின் தகுதியற்ற பெயர்களைப் பதிவு மன்றங்களில் வழக்காடி நீக்கினர். ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் சொந்த நிலம் உள்ளவர்க்குக் கோட்டத் தொகுதியில் வாக்கு உண்டு என்னும் மிகப் பழைய விதியைக் காப்டன் கையிலெடுத்தார். ஆதரவாளரைச் சிறு சிறு மனைகளை வாங்கச் செய்து, நிலக்கிழாரின் கோட்டைகளிலேயே புதிய வாக்காளரை உருவாக்கினார்.

இரண்டாவது பாடம், செய்தியைக் கொண்டுசேர்க்கும் வழி. 1840இல் நாடு முழுவதும் ஒரு பென்னி அஞ்சல் முறை நடைமுறைக்கு வந்தது. அதன் ஆற்றலைச் சங்கம் உடனே உணர்ந்தது. 1843ஆம் ஆண்டில் மட்டும் 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டு நூல்கள் அதன் சார்பில் மக்களைச் சென்றடைந்தன. அவ்வாண்டு 50,000 பவுன் நிதி திரட்டப்பட்டது. அடுத்த ஆண்டு இலக்கு 1,00,000 பவுன். 1845 டிசம்பரில் 2,50,000 பவுன் திரட்டுவதெனத் தீர்மானித்த மான்செஸ்டர்க் கூட்டத்தில், கூடிய இடத்திலேயே 60,000 பவுன் சேர்ந்தது. தேநீர் விருந்துகளையும் விற்பனைக் கண்காட்சிகளையும் மகளிர் முன்னின்று நடத்தினர். 1841இல் மான்செஸ்டரில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சமயப் போதகர் கூடினர். உணவுக்கு வரி விதிப்பது இறைநெறிக்கு மாறானது என்ற குரல் அங்கே எழுந்தது. வணிகர் கோரிக்கை அறத்தின் ஆடையை உடுத்திக்கொண்டது இவ்வாறுதான்.

மூன்றாவது பாடம், அவைக்குள்ளேயே ஆள் வேண்டும் என்பது. சார்லஸ் வில்லியர்ஸ் என்னும் உறுப்பினர் 1838 முதல் ஆண்டுதோறும் சட்ட நீக்கத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்; ஆண்டுதோறும் தோற்றார். 1841இல் காப்டனும் 1843இல் பிரைட்டும் உறுப்பினராயினர். 1845 மார்ச்சில் காப்டன் ஆற்றிய உரையைக் கேட்டுக்கொண்டிருந்த பிரதமர் ராபர்ட் பீல், தாம் குறித்துவைத்திருந்த தாளைக் கசக்கிவிட்டு, இதற்குத் தம்மால் விடையளிக்க இயலாது. நீரே அளியும் என அருகிலிருந்த சிட்னி ஹெர்பர்ட்டிடம் கூறினார் என்று சொல்லப்படுகிறது.

கதவு திறந்த நாள்

1845 இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த மக்கள் பட்டினியின் விளிம்பில் நின்றனர். பஞ்சத்தின் நிழலில் தானியத்துக்கு வரி விதிக்கும் சட்டத்தை எந்த முகத்தோடு காப்பது? பீல் தானியச் சட்டத்தின் பாதுகாவலராகத் தேர்தலில் வென்ற கட்சியின் தலைவர். ஆனால் உள்ளத்தில் அவர் ஏற்கெனவே மாறியிருந்தார். டிசம்பரில் பதவி விலகினார். எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ரசலால் அமைச்சரவை அமைக்க இயலாமற்போகவே மீண்டும் பதவியேற்றார். 1846 மே 15 அன்று சட்ட நீக்க மசோதா காமன்ஸ் சபையில் 327க்கு 229 என்ற கணக்கில் நிறைவேறியது. பீலின் சொந்தக் கட்சியினருள் பெரும்பாலோர் அவரை எதிர்த்தே வாக்களித்தனர்; எதிர்க்கட்சியினரின் வாக்குகளே அவரைத் தாங்கின. ஜூன் 25 அன்று பிரபுக்கள் சபையும் இசைந்தது. அதே இரவு வேறொரு மசோதாவில் பீல் தோற்கடிக்கப்பட்டார். பதவி நீங்கும்போது ஆற்றிய உரையில், இவ்வெற்றியோடு இணைத்து நினைக்கப்பட வேண்டிய பெயர் தம்முடையதன்று, ரிச்சர்டு காப்டனுடையது என்று அறிவித்தார். ஜூலையில் சங்கம் தன் பணி முடிந்ததென்று தன்னைக் கலைத்துக்கொண்டது.

இவ்வெற்றியின் மற்றொரு முகத்தையும் காண்பது நேர்மை. சட்டம் நீங்கியதால் அயர்லாந்தின் பசி தீரவில்லை. கையில் காசில்லாதவனுக்கு மலிந்த கோதுமையும் எட்டாத கோதுமையே. அப்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ரொட்டிக்காக உருகிய பிரைட், ஆலைகளில் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கும் சட்டத்தை எதிர்த்து நின்றார். வெற்றி பெற்ற குழு எல்லார்க்குமாகப் பேசிற்று என்று கொள்வதற்கில்லை.

கென்னிங்டன் திடல்

1848இல் ஐரோப்பாவெங்கும் புரட்சி அலை எழுந்தது. ஏப்ரல் 10 அன்று இலண்டன் கென்னிங்டன் திடலில் கூடி, மூன்றாவது விண்ணப்பத்தை ஊர்வலமாக நாடாளுமன்றத்துக்கு எடுத்துச்செல்லச் சாசன இயக்கத்தார் திட்டமிட்டனர். அரசு தலைநகரின் காப்பை முதிய வெலிங்டன் கோமகனிடம் ஒப்படைத்தது. பல்லாயிரக்கணக்கான குடிமக்கள் சிறப்புக் காவலராக உறுதிமொழி ஏற்றனர். கடைக்காரரும் எழுத்தரும் வணிகரும் அவர்களுள் இருந்தனர். 1832க்கு முன்பு தொழிலாளரோடு தோள் சேர்த்து நின்ற நடுத்தர வகுப்பு, இப்போது தடியேந்தி எதிரே நின்றது. ஊர்வலம் பாலத்தைக் கடக்கலாகாது என்று தடுக்கப்பட்டது. ஓகானர் கூட்டத்தைக் கலைந்துபோகச் சொன்னார். விண்ணப்பம் வாடகை வண்டிகளில் ஏறி நாடாளுமன்றம் போய்ச் சேர்ந்தது.

57 இலட்சம் கையொப்பங்கள் என்று ஓகானர் முழங்கியிருந்தார். அவை எழுத்தர்கள் எண்ணி 19,75,496 என்றனர். அவற்றுள்ளும் விக்டோரியா அரசியார், வெலிங்டன் கோமகன் பெயர்களில் பொய்க் கையொப்பங்கள் இருந்தன. ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் வாக்குக் கேட்டனர் என்ற உண்மை, அந்த நகைப்பொலியில் மூழ்கிப்போயிற்று. மிகையாகச் சொன்ன ஒரு எண், மெய்யான எண்ணையும் கொன்றுவிட்டது.

வேறுபாடு எங்கே?

இருசாராரும் உழைத்தனர், இருசாராரிடமும் நாவன்மை இருந்தது. தொகையிலும் தியாகத்திலும் சாசன இயக்கமே மேம்பட்டது. பிறகு முடிவு ஏன் மாறிற்று?

சங்கத்தின் ஆதரவாளரிடம் வாக்கு இருந்தது, பணமும் இருந்தது. அவர்கள் முனிந்தால் ஓர் உறுப்பினர் இருக்கையை இழக்கக்கூடும். சாசன இயக்கத்தார் கேட்டதோ அந்த வாக்கையே. எந்தக் கருவியால் அரசை அசைக்க இயலுமோ, அந்தக் கருவியே அவர்களுடைய கோரிக்கை. கிணற்றுக்குள் விழுந்தவன் தன்னைத் தூக்கும் கயிற்றைக் கேட்டு நின்ற நிலை அது.

சங்கம் ஒன்றே ஒன்றைக் கேட்டது. வேறெதைப் பற்றியும் பேச மறுத்தது. கட்சி, சமயம், வாக்குரிமை ஆகியவற்றில் மாறுபட்டோரும் அந்த ஒன்றின்கீழ் ஒன்றுகூட முடிந்தது. சாசனத்தில் ஆறு கோரிக்கைகள் இருந்தன. 1842 விண்ணப்பத்திலோ ஏழையர் சட்டம், அயர்லாந்து இணைப்பு, அரசியாரின் வருவாய் எனக் குறைகள் மேலும் பெருகின. ஒவ்வொன்றும் நியாயமே. ஆயினும் கோரிக்கை கூடக்கூட எதிர்ப்போரின் அணியும் கூடிற்று.

ஒற்றுமையிலும் வேறுபாடு இருந்தது. அறவலிமையே போதும் என்றார் லோவட். உடல்வலிமையையும் காட்டி அச்சுறுத்த வேண்டும் என்பது ஓகானரின் போக்கு. நடுத்தர வகுப்பினரோடு கைகோக்க ஜோசப் ஸ்டர்ஜ் என்னும் நல்லவர் முயன்றார். 1842 டிசம்பரில் பர்மிங்காமில் மாநாடு கூடிற்று. ஆறு கோரிக்கைகளையும் ஏற்க இருசாராரும் ஆயத்தமாக இருந்தனர். 'சாசனம்' என்ற பெயரைக் கைவிடுவதா என்ற ஒரே வினாவில் மாநாடு உடைந்தது. தம்முள் பகைத்திருந்த லோவட்டும் ஓகானரும் அந்தப் பெயரைக் காக்க மட்டும் அன்று ஒன்றுபட்டனர். சிறைப்பட்டும் செத்தும் காத்த பெயரை விடுவது எளிதன்று என்பது உண்மை. பெயருக்காகப் பொருளை இழந்தனர் என்பதும் உண்மை.

நிலத்தை இருவரும் நாடினர். சங்கம் நிலத்தை வாங்கி வாக்காக மாற்றியது. ஓகானர் 1845இல் தொடங்கிய நிலத் திட்டம், ஏறத்தாழ எழுபதாயிரம் ஏழைகளின் சிறுசேமிப்பைத் திரட்டிச் சில நூறு பேரை மட்டுமே குடியேற்றி 1851இல் கலைந்தது.

எல்லாவற்றினும் ஆழமான காரணம் வேறொன்று. கொடுப்பவன் கொடுத்த பின்னும் தானாகவே இருக்க முடியுமா என்பதே அது. தானியச் சட்டத்தை விட்டபின்னும் நிலக்கிழார் நிலக்கிழாராகவே இருந்தனர். வடிகால் அமைக்க அவர்களுக்குக் கடனுதவியும் கிடைத்தது. அடுத்த கால் நூற்றாண்டு இங்கிலாந்தின் வேளாண்மை செழித்தே நின்றது. சாசனத்தை ஏற்றிருந்தாலோ அந்த அவை பழைய அவையாக இருந்திராது. பெரியதைக் கொடாதிருக்கச் சிறியதைக் கொடுத்துவிடுவது ஆள்வோர் அறிந்த கலை. அவ்வகையில் சாசன இயக்கத்தின் பேரொலி, அவர்கள் வெறுத்த சங்கத்துக்கே துணை செய்தது. கதவின் ஒருபுறம் இடி இடித்தபோதுதான் மறுபுறம் நாகரிகமாகத் தட்டியவர்க்குக் கதவு திறந்தது.

இறுதியாக, வாய்ப்பு. உருளைக்கிழங்கு நோயைச் சங்கம் உண்டாக்கவில்லை. அது வந்த நாளில் ஆயத்தமாக இருந்தது சங்கமே. ஏழாண்டு உழைப்பு அந்த ஒரு நாளுக்கான விதைப்பு என்றே கொள்ளத்தகும்.

சென்னையிலிருந்து ஒரு விண்ணப்பம்

இவ்வரலாற்றின் கிளையொன்று சென்னைக்கும் நீள்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயம் 1853இல் புதுப்பிக்கப்படவிருந்த வேளையில், 'கிரசென்ட்' இதழை நடத்திய கஜுல லட்சுமிநரசு செட்டியார் 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவினார். வரிச்சுமை, நீதிமன்றக் குறைகள், கல்விப் புறக்கணிப்பு, வரி வசூலில் நடக்கும் சித்திரவதை என நீண்ட விண்ணப்பமொன்று கடல் கடந்து அதே நாடாளுமன்றத்துக்குச் சென்றது. அங்கே இந்தியக் குறைகளுக்காகக் குரல் கொடுத்தவருள் ஒருவர் ஜான் பிரைட்.

விண்ணப்பத்தின் பெரும்பகுதி பயனற்றுப் போயிற்று; கம்பெனியின் ஆட்சி தொடர்ந்தது. ஒன்று மட்டும் பலித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் சென்னை வந்து ஊர்ப்புறங்களை நேரிற் கண்டார். குடியானவர் படும் சித்திரவதை பற்றி 1854இல் காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்தது. விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, வரி வசூலுக்காகச் சித்திரவதை நடந்ததை உறுதிசெய்தது. நீண்ட பட்டியலுள் எது கண்ணாற் காணத்தக்கதோ, எதை மறுப்பது ஆள்வோர்க்கே இழுக்கோ, அது வென்றது. எதைக் கொடுத்தால் ஆட்சியின் அடித்தளம் அசையுமோ, அது கிடைக்கவில்லை. மான்செஸ்டரில் நின்ற நியதியே சென்னையிலும் நின்றது.

பாட்டின் பங்கு

கவிஞர் கேட்கத்தக்க வினா ஒன்று எஞ்சுகிறது: இவற்றுள் பாட்டு என்ன செய்தது?

ஷெபீல்டு நகர இரும்பு வணிகர் எபனேசர் எலியட், தானியச் சட்டத்தைச் சாடி எழுதிய பாடல்களை 1831இல் நூலாக்கினார். சங்கம் பிறப்பதற்கு ஏழாண்டுகள் முன்பே பசியைப் பாட்டில் வைத்தவர் அவர். சாசனத்தையும் ஆதரித்தார், சாசன இயக்கத்தார் சங்கத்தை எதிர்த்தபோது மனம் நொந்து விலகினார். மறுபுறம், தாமஸ் கூப்பர் ஸ்டாபர்டு சிறையில் ஒரு நெடுங்காவியம் எழுதி 1845இல் வெளியிட்டார். எர்னஸ்ட் ஜோன்ஸ் 1848இல் சிறைப்பட்டு இரண்டாண்டுகள் கழித்து வெளிவந்தார். வெளிவந்த பின்னும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை.

இப்பாடல்களுள் எதுவும் காமன்ஸ் சபையில் ஒரு வாக்கையேனும் மாற்றியதாகச் சொல்வதற்கில்லை. அங்கே வென்றவை பட்டியலும் பணமும் அஞ்சலும் தருணமும். ஆனால் 1848இல் எல்லாரும் சிரித்த அந்த ஆறு கோரிக்கைகள் அன்றோடு மாயவில்லை. 1858இல் உறுப்பினருக்கான சொத்துத் தகுதி ஒழிந்தது. 1867இல் நகரத் தொழிலாளருள் பலர் வாக்குப் பெற்றனர். அதற்கான கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர் சங்கத்தின் பழைய தளபதி ஜான் பிரைட். அவரோடு நின்றவருள் பழைய சாசன இயக்கத்தாரும் உண்டு. 1872இல் மறைவான வாக்கெடுப்பு வந்தது. 1885இல் தொகுதிகள் பெரும்பாலும் சமமாக்கப்பட்டன. 1911இல் உறுப்பினருக்கு ஊதியம் வந்தது. 1918இல் வயது வந்த ஆடவர் அனைவரும் வாக்குப் பெற்றனர். சாசனம் மறந்த மகளிரும் ஒரு பகுதியினர் அவ்வாண்டே பெற்றனர். ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்று மட்டுமே நிறைவேறாமல் நின்றது.

வென்ற சங்கத்தைக் கலைத்துவிட்டு அதன் தலைவர்கள் வீடு திரும்பினர். கோரிக்கை முடிந்ததும் அவர்களுக்குப் பாட்டுத் தேவைப்படவில்லை. தோற்ற இயக்கத்துக்கோ அமைப்பும் நிதியும் இதழும் ஒவ்வொன்றாய் அழிந்த பின்னர் எஞ்சியவை நினைவும் பாட்டுமே. 1848க்கும் 1918க்கும் இடையே எழுபது ஆண்டுகள். ஒரு தலைமுறை கேட்டதை அடுத்த தலைமுறை மறவாமல் கேட்பதற்கு யாரோ அதனைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோவூர் கிழார் ஒரே நாளில் வென்றார். அவர் முன்னின்றது ஒரு மன்னனின் நெஞ்சம். மன்றத்தின் முன் நிற்பவர்க்கு அந்த ஒரு நாள் வாய்ப்பதரிது. அவர் வாக்காளர் பட்டியலையும் அறிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்கும் அடக்கமும், பெயரை விட்டுப் பொருளைக் கொள்ளும் தெளிவும், மெய்யான எண்ணை மட்டுமே சொல்லும் நேர்மையும் அவரிடம் இருத்தல் வேண்டும். இவை அனைத்தும் இருந்தும் வெல்ல இயலாத கோரிக்கைகள் உண்டு. அவை ஆள்வோரையே மாற்றக் கேட்பவை. அத்தகையவற்றைக் காலம் கனியும்வரை சுமந்து செல்லும் தோள்களுள் ஒன்று கவிஞனுடையது.